மூக்கால் அழும் நியோபி

ஆகஸ்ட் 1, வியாழன்

மகள் யாமினி மெல்போர்னிலிருந்து ஜனவரியில் அனுப்பிய டயரி இது. இத்தனை நாளும் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஏதென்ஸ் அவென்யூவில் பெரிய நிகழ்ச்சி ஒன்று நடக்கப்போகிறது. அதை யாராவது ஒழுங்காகக் குறித்துவைக்க வேண்டும். இங்கே இருப்பவர்களில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தொலைபேசித் துறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த நாளில் கோயம்புத்தூர் பூராவுக்கும் லைன் கொடுத்திருக்கிறேன்.

ஏதென்ஸ் அவென்யூ என்பது தடாகம் போகிற வழியில், பென்ஷன்காரர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. முதியோர் இல்லம் என்று ஆட்டோக்காரர் வாயில் வந்துவிட்டால் இங்கே பாதிப் பேர் ஆட்டோவை விட்டு இறங்கிவிடுவார்கள். சீனியர் லிவிங் என்று சொல்ல வேண்டும். கட்டியவர் ஐரோப்பா டூர் போய்விட்டு வந்த ஜோரில் பிளாக்குகளுக்கெல்லாம் கிரேக்க சாமி பெயர் வைத்துவிட்டார். ஜீயஸ், ஹீரா, அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ். நாங்கள் அப்பல்லோவில் தரைத்தளம்.

இப்போது நடுப் புல்வெளியில் ஒரு கிரேக்கச் சிலையும் வரப்போகிறது. சிலை, குடியிருப்பைக் கட்டியவருடைய செலவு. அதைச் சுற்றி வரும் நீரூற்று என் மூத்த மகன் பிரபாகர் உபயம். 'உபயம்: பிரபாகர், சியாட்டில்' என்று கிரானைட் பலகை தயார். செப்டம்பர் எட்டாம் தேதி திறப்பு விழா. பிரபாகரே வந்து ஸ்விட்ச் போடுவான் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அறிவித்தேன். ஆர்ட்டெமிஸ் பிளாக் ஹேமலதா டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சிலை லாரியில் வந்து இறங்கியது.

கட்டியவர் இத்தாலியில் ஏதோ மியூசியத்தில் பக்கவாட்டில் எடுத்த ஒற்றை போட்டோவை, கோபுர பொம்மை செய்கிற ஆளிடம் கொடுத்து, இதேபோல வேண்டும் என்றிருக்கிறார். அவரும் இதேபோலச் செய்திருக்கிறார். முந்தானை மாதிரி ஒரு துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வானத்தைப் பார்க்கிறாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண். அதுவரை சரி. கண் காது வரைக்கும் நீண்டிருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது. போட்டோவில் குறுக்கே வந்த யாரோ ஒரு டூரிஸ்ட்டின் கைப்பையும் சிலையின் தோளில் ஜிப்போடு தொங்குகிறது. கண்ணில் இரண்டு துளை விட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதன் வழியாக வருமாம். ஆனந்தக் கண்ணீர் என்றார் சங்கத் தலைவர் ராமபத்திரன்.

"தாயும் சேயும். நம்மளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுங்க்கா" என்றாள் ஹேமலதா. அவளே போய்ச் செம்பருத்தி பறித்து வந்து காலடியில் வைத்தாள். பின்னாலேயே நாலு பேர் விழுந்து கும்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் கும்பிட்டேன். பையன் உபயம் இல்லையா.

ஆகஸ்ட் 8, வியாழன்

இவர் பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தார். வியாழக்கிழமை ஆனால் பல் டாக்டர். வாயில் இருக்கிற பல்லைவிடப் போன தடவைகள் அதிகம். சட்டை துவைக்கும்போது பையில் ஒரு மஞ்சள் கிரேயான் இருந்தது. பல் டாக்டரிடம் கிரேயான் எதற்கு என்று நான் கேட்கவில்லை. சட்டையில் கறை பிடித்துவிட்டது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சாயங்காலம் சிலையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்வது வழக்கமாகிவிட்டது. இங்கே ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொள்ளும்போது முதலில் முட்டிவலி, அடுத்தது பிள்ளைகள் இருக்கும் நாடு. பெயர் கடைசியில், ஞாபகம் வந்தால்.

ஹீராவுக்குப் புதிதாக வந்த அம்மாளிடம் ஹேமலதா தன் பட்டியலை ஆரம்பித்தாள். "எனக்கு நாலுங்க. ஒண்ணு கனடா, ஒண்ணு ஜெர்மனி, ஒண்ணு சிங்கப்பூர், கடைசிப் பையன் துபாய்ங்க." நாலு பேரையும் பெற்றாளா, பாஸ்போர்ட் ஆபீஸில் எடுத்து வந்தாளா தெரியவில்லை. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ரெண்டு. பையன் சியாட்டில், பொண்ணு மெல்போர்ன்" என்றேன்.

"ரெண்டா?" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

இவருக்கு எப்போதும் கணக்கு வராது. ஹேமலதா ஒரு தினுசாகப் பார்த்தாள். நான் பேச்சைப் பிரபாகர் புதிதாக வாங்கிய வீட்டுக்குத் திருப்பினேன். அதில் ஐந்து பாத்ரூம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம் முடிந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். புரொஃபசர் ஜெபநேசன் சிலை முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர், பேசினால் நிறுத்தத் தெரியாதவர். ஊரில் மருமகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்தார். தம்பி மகனின் மனைவி அவருக்கும் மருமகள்தான்.

"இது நியோபியில்லா?" என்றார்.

"யாருங்க அது?" என்றார் தலைவர்.

"கிரேக்கக் கதையில வர்ற ராணி. பதினாலு பிள்ளை. ஏழு ஆணு, ஏழு பொண்ணு. லேட்டோன்னு ஒரு தெய்வம், அவளுக்கு ரெண்டே ரெண்டு. இந்த ராணி கோயில்ல நின்னு, ரெண்டு பெத்தவளைப் போயிக் கும்பிடுதீங்களே, பதினாலு பெத்த என்னைய கும்பிட்டா என்னன்னு கேட்டுட்டா. அந்த ரெண்டு பேரும் வில்லை எடுத்துட்டு வந்து பதினாலையும் ஒவ்வொண்ணா அடிச்சுப் போட்டாங்க. கடைசியில ஒரே ஒரு குட்டி மிஞ்சுது. இந்தா, இடுப்பைக் கட்டிட்டு நிக்கே, இதுதான். இது ஒண்ணையாவது விட்ருங்கன்னு முந்தானையைத் தூக்கி மறைக்கா பாருங்க."

"விட்டாங்களா?" என்றாள் ஹேமலதா. மிட்டாய் கையிலேயே இருந்தது.

"இல்ல. அவ அழுது அழுது கல்லாப் போயிட்டா. கல்லான பொறவும் கண்ணீர் நிக்கலைன்னு கதை. அதுக்குத்தான் கண்ணுல ஓட்டை."

தலைவர், "அந்த வில்லெடுத்த ரெண்டு பேரு யாருங்க?" என்றார்.

"அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும்."

அப்பல்லோ பிளாக்கும் ஆர்ட்டெமிஸ் பிளாக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஜீயஸ்காரர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. ஜீயஸ்தான் அந்த இரண்டு பேருக்கும் அப்பா என்று புரொஃபசர் சொன்னதும் அதுவும் போயிற்று.

காலடியில் வைத்த செம்பருத்தியை ஹேமலதாவே திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வாட்ஸாப் குழுவில் காலையிலிருந்து ஒருவர்கூட குட் மார்னிங் போடவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அவசரக் கூட்டம். சிலையை எடுத்துவிட வேண்டும் என்று ஹீரா பிளாக் ஒட்டுமொத்தமாகச் சொன்னது. எடுக்க முடியாது, கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருக்கிறது என்றார் தலைவர். கட்டியவருக்கு போன் போட்டால் மறுபடி ஐரோப்பாவில் இருக்கிறார். இந்தத் தடவை எகிப்தும் சேர்த்தாம். அடுத்த கட்டடத்தில் பதப்படுத்திய பிணத்தை நிறுத்தாமல் இருந்தால் சரி.

சிலை போனால் நீரூற்று போகும், பலகை போகும், எட்டாம் தேதி போகும். பிரபாகர் வருவதாக நான் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லார் முன்னாலும் மூக்குடைபட நான் தயாராக இல்லை.

அப்போதுதான் ஹேமலதா எழுந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொன்னாள்.

"இதுல பயப்படறதுக்கு என்னங்க இருக்குது? இந்தம்மாளுக்குக் கண்ணு பட்டிருக்குது, அவ்வளவுதான். பதினாலு, பதினாலுன்னு ஊரு பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சா படாதா? பெத்த அன்னைக்கே கன்னத்துல ஒரு மைப்பொட்டு வெச்சு, அமாவாசைக்கு அமாவாசை மொளகா சுத்திப் போட்டிருந்தா இத்தனை தூரம் வந்திருக்குமா? அந்த ஊர்ல சொல்றதுக்கு ஆளில்லைங்க."

"அம்மா, இது கண்ணேறு இல்ல. அகந்தைக்குத் தண்டனை" என்றார் புரொஃபசர்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க சார்."

இரண்டாயிரம் வருஷமாக யாரும் புரொஃபசருக்கு இதைச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

தீர்மானம் இதுதான். திறப்பு விழா அன்று காலையில் முதலில் சிலைக்குத் திருஷ்டி கழிப்பது. இங்கே இருக்கிற ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்கு ஒன்று என்று காய்ந்த மிளகாய் கொண்டுவந்து முறத்தில் போட வேண்டும். கல் உப்பும் கடுகும் சங்கம் கொடுக்கும். எல்லாவற்றையும் சேர்த்துச் சிலையைச் சுற்றி நெருப்பில் போட்டுவிட்டால் அவளுக்கும் கழிந்தது, நமக்கும் கழிந்தது. நான் முதலில் கை தூக்கினேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பலகை தப்பித்தது, அது போதும்.

ஆகஸ்ட் 21, புதன்

மோட்டார் போட்டுப் பார்த்தார்கள். உறுமியதே தவிர ஒரு சொட்டு வரவில்லை.

"கணபதில சேனா மோட்டார்ஸ்னு ஒரு பையன் இருக்கானுங்க. நல்ல கைக்காரன்னு சொன்னாங்க. வரச் சொல்லியிருக்கேன்" என்றார் தலைவர்.

வேறு ஆளைப் பார்க்கலாமே என்றேன். ஏன் என்றார். கணபதி ஊருக்கு அந்தப் பக்கம், தூரம் என்றேன். கோயம்புத்தூரில் மோட்டாருக்கு ஆளா பஞ்சம், தடுக்கி விழுந்தால் மோட்டார் கடை என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர்தாங்கம்மா நம்பரே குடுத்தாரு."

வீட்டுக்கு வந்து இவரிடம் பேசவில்லை. இவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. ரசத்தில் உப்புப் போடாமல் வைத்தேன். அதையும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வந்தான்.

அதை இங்கே மூடி மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது. டயரியை வேறு யாரும் படிக்கப்போவதில்லை. சேனா என்பது சேனாபதி. என் மாமனார் பெயர். மூக்கு என் அப்பாவுடையது. எனக்கு மூன்றாவதாகப் பிறந்தவன். பெங்களூரில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை போட்டான். ரிஜிஸ்டர் ஆபீஸில் செலீனா என்ற நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டான். நான் ஒன்றும் அவனை வீட்டை விட்டு விரட்டவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. இங்கே குடிவந்தபோது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். ஒருத்தி சிகாகோ என்கிறாள், ஒருத்தி லண்டன் என்கிறாள். நடுவில் நான் கணபதி, இரண்டாவது வீதி என்றா சொல்வது? எண்ணிக்கையில் விட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

அவனுக்கு அது தெரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வந்ததிலிருந்து ஹேமலதாவை அம்மா என்றான். ஹீரா அம்மாளை அம்மா என்றான். கூட்டிப் பெருக்குகிற மாரக்காளையும் அம்மா என்றுதான் கூப்பிட்டான். என்னிடம் திரும்பி, "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தண்ணி தெறிக்கும்" என்றான்.

மேடம். நான் தள்ளி நின்றேன்.

ஹேமலதா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சும்மாவும் இருக்கமாட்டாள்.

"அம்மா அப்பா எங்க தம்பி இருக்காங்க?"

"பக்கத்துலதானுங்க."

"அப்படியா. அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கன்னு அப்பா சொல்லுவாருங்க" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்து டம்ளரைக் கழுவிக் கொடுத்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. மற்ற இரண்டும் டம்ளரைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் போகும்.

மோட்டார் ஓடியது. தண்ணீர் ஏறியது. ஆனால் உள்ளே குழாய் எங்கேயோ வழி மாறியிருக்கிறது. கண்ணில் வர வேண்டியது மூக்கில் வந்தது. பதினாலு பிள்ளைகளைப் பறிகொடுத்த ராணி, சளி பிடித்தவள் மாதிரி நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எட்டாம் தேதி காலையில் வந்து சரிசெய்து தருகிறேன் என்று போய்விட்டான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பல் டாக்டர்.

"பல்லு எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"எல்.கே.ஜி. போகுது" என்றார் இவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

மேற்கொண்டு நான் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. ராத்திரிக்கு உப்புமா.

செப்டம்பர் 2, திங்கள்

பிரபாகரிடமிருந்து மெசேஜ். புது பிராஜெக்ட்டாம், நகர முடியாதாம். 'வீடியோ காலில் வருகிறேன் அம்மா, நான் ஒன் டூ த்ரீ சொன்னதும் யாராவது ஸ்விட்ச் போடட்டும்.' கடைசியில் ஒரு கட்டைவிரல்.

இப்போதெல்லாம் பெரிய பெரிய பாலங்களையே வீடியோவில்தான் திறக்கிறார்கள். நேரில் வருவது பழைய பாணி. அவனுக்கு எத்தனையோ பொறுப்பு. போன தடவை வந்தது அவன் மாமனார் அறுபதாம் கல்யாணத்துக்கு. அதற்கு நகர முடிந்தது. அது முன்கூட்டியே தெரிந்த தேதி.

"ஸ்விட்ச்சுக்கு ஒரு ஆளு வேணுமில்ல, சுலோ" என்றார் இவர்.

போனைக் கவிழ்த்துவைத்தேன். சங்கத்தில் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி, கொழுக்கட்டை. ஹேமலதாவுக்கும் கொடுத்தனுப்பினேன். அவளே கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள், சும்மாவா வருவாள்.

"தம்பி எத்தனை மணிக்குங்க்கா வருது?"

"கிளம்பிட்டான்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நாளைக்குக் காலையில் அத்தனை பேருக்கு முன்னால் என்ன சொல்வது? விமானம் தாமதம் என்றால் அடுத்த நாள் கேட்பார்கள். காய்ச்சல் என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைக்கு இல்லாத காய்ச்சலை வரவழைக்க என்னால் முடியாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைதான், இருந்தாலும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் குளித்து, அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, அடுப்படியில் மிளகாய் டப்பாவைத் திறந்தேன். மூன்று எடுத்தேன். ஒன்று காம்பு உடைந்த மாதிரி இருந்தது, அதனால்தான். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார், நான் எடுத்துவைக்காமலே.

புல்வெளியில் எல்லாரும் வந்துவிட்டார்கள். சிலைக்கு ஜவ்வந்தி மாலை போட்டு, கைப்பைக்கும் ஒரு சரம் சுற்றியிருந்தார்கள். சேனாபதி ஏற்கெனவே வந்து மோட்டார் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். ஹேமலதா ஸ்டூல் மேல் ஏறி, நியோபியின் இடது கன்னத்தில் ரூபாய் அளவுக்கு ஒரு மைப்பொட்டு வைத்தாள். அந்தக் குட்டிப் பெண்ணுக்கும் ஒன்று வைத்தாள். அதைப் பார்க்கிறபோது எனக்கு ஏதோ செய்தது. இந்தப் பொட்டு அன்றைக்கே இருந்திருந்தால் என்று ஹேமலதா மாதிரியே நானும் நினைத்துவிட்டேன்.

பிறகு முறம் சுற்றி வந்தது. ஹேமலதாதான் ஏந்தினாள். டீச்சர் இல்லையா, வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொருவர் போடும்போதும் சத்தமாகச் சொன்னாள். "ஹீரா அம்மா, ரெண்டு. தலைவர் வீட்டம்மா, ஒண்ணு. நான், நாலு." என் முன்னால் வந்து, "சுலோசனாக்கா, ரெண்டு" என்று நான் போடுவதற்கு முன்பே சொன்னாள். நான் முறத்துக்கு மேல் கையைத் திறந்தேன்.

"மூணு இருக்குதுங்க்கா."

உடைந்ததை முறத்திலிருந்து எடுத்து வெளியே போட்டுவிட்டால் முடிந்தது. அதற்குத்தான் உடைந்ததாக எடுத்தேன். கையை நீட்டினேன். அதற்குள் குழிக்குள்ளிருந்து, "மேடம், அந்த ஒயர் மேல நிக்காதீங்க" என்று குரல் வந்தது. என் காலடியில் ஒயர் எதுவும் இல்லை. என்னை அந்த இடத்திலிருந்து நகர்த்திக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறான். அவனை எண்ணாமல் விடுவதற்கு அவனே எனக்கு வழி செய்து தருகிறான். எனக்குப் பொறுக்கவில்லை.

"மூணுதான்" என்றேன்.

"யாருங்க்கா மூணாவது?"

"இதா, குழிக்குள்ள தலைய விட்டுட்டு இருக்கானே. எங் கடைசிப் பையன். சேனாபதி. கணபதில மோட்டார் கடை வெச்சிருக்கான்."

அவன் தலையைத் தூக்கியபோது மூடியில் இடித்துக்கொண்டான். தலைவர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். புரொஃபசர் கண்ணாடியைக் கழற்றினார். இனிமேல் இந்தக் குடியிருப்பில் நான் தலைகாட்ட முடியாது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஹேமலதா முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். ஆர்ட்டெமிஸ் பக்கம் நடந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு மிளகாய்.

"திருப்பூர்ல ஒருத்தி இருக்காங்க்கா" என்றாள், என்னிடம் மட்டும். "பனியன் கம்பெனில செக்கிங் போறா. மூத்தவ." முறத்தில் போட்டாள். சத்தமாக எண்ணவில்லை.

அதற்கப்புறம் முறம் சும்மா இருக்கவில்லை. ஹீராவில் புதிதாக வந்த அம்மாள் மடியிலிருந்து இன்னொன்று எடுத்தாள். தலைவர், மனைவி முகத்தைப் பார்க்காமல், உப்புத் தட்டில் உபரியாக வைத்திருந்த மிளகாயில் ஒன்றை எடுத்துப் போட்டார். சேலம், ஒட்டன்சத்திரம், இங்கேயே சிங்காநல்லூர். விமானம் ஏறாத பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முறத்தில் விழுந்தார்கள். இத்தனை நாளும் எந்த அலமாரிக்குள் உட்காரவைத்திருந்தார்களோ தெரியவில்லை. புரொஃபசர் கை அந்தத் தட்டு வரைக்கும் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். கல்யாணம் ஆகாதவர் என்பதால் அதை இங்கே எழுதப்போவதில்லை.

சுற்றி நெருப்பில் போட்டார்கள். அவ்வளவு மிளகாய்க்கு அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும் இருமிச் செத்திருக்க வேண்டும். ஒருவரும் தும்மக்கூட இல்லை. நெடியே வராவிட்டால் அவ்வளவு திருஷ்டி இருந்து கழிந்தது என்று அர்த்தம். எல்லாருக்கும் பரம சந்தோஷம். நெடி எனக்கு மட்டும் எப்படியோ ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஹேமலதாவுக்கும் ஏறியிருக்கும் போல, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சியாட்டில் தம்பி எங்கங்க?" என்றார் தலைவர்.

"வரலீங்க. போன்ல வர்றேன்னான்."

நேற்று 'கிளம்பிட்டான்' என்றீர்களே என்று ஹேமலதா கேட்கவில்லை. அதற்காக அவளுடைய பழைய பாவங்களில் பாதியை மன்னித்துவிட்டேன். வீடியோவில் பிரபாகர் வந்தான். அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "ம்யூட்ல இருக்கற கண்ணு" என்று நாலு பேர் போனைப் பார்த்துச் சொன்னோம். படம் நின்று, அவன் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனான்.

"இருக்கறவன் போடட்டுங்க" என்றேன்.

சேனாபதி தயங்கினான். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான். தண்ணீர் ஏறியது. இடது கண்ணில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மிச்சமெல்லாம் மூக்கில். எல்லாரும் கை தட்டினார்கள்.

"கழட்டித்தான் பாக்கோணும் மே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"மேடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கையக் கழுவிட்டுச் சாப்பிட வா சாமி" என்றேன். "அவளையும் புள்ளையையும் கூட்டிட்டு வந்திருக்கலாமில்ல."

"வெளிய வண்டிலதான் இருக்காங்கம்மா. அப்பா வரச் சொன்னாரு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜவ்வந்தி மாலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தைக்கும் அதே மூக்குதான். கையில் கிரேயான் டப்பா. மஞ்சள் மட்டும் இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பிரபாகர் பலகையை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

போன வியாழக்கிழமை இவர் பல் டாக்டரிடம் போகவில்லை. பல்லெல்லாம் சரியாகிவிட்டதாம்.

இன்றைக்கு சேனாபதி குடும்பத்தோடு வந்து சிலையின் குழாயைக் கழற்றி மாட்டினான். கண்ணில் கச்சிதமாகத் தண்ணீர் வந்தது. ஹேமலதாவும் திருப்பூர்க்காரியும் நின்று பார்த்தார்கள். இனிமேல் தொந்தரவே இருக்காது, நான் வர வேண்டிய வேலையே இல்லை என்று அவன் தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மத்தியானம் கோழிக்குழம்பு. செலீனா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும், சாயங்காலம் பார்த்தால் மறுபடி மூக்கால் ஒழுகுகிறது. கண் துளை இரண்டிலும் தேங்காய் நார் அடைத்திருக்கிறதாம். அணில் வேலையாக இருக்கும் என்று தலைவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி சேனாபதிக்கு போன் போட்டுச் சொல்லியாயிற்று.

ஸ்டூலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார் இவர்.